பினியன் மாத்தின பத்து நிமிசத்தில் ஸ்பர் பல்லு மொத்தமும் போச்சு – 1/10 பகிக்கு எந்தக் கியர் பொருந்தும்?

தேயிலைமலை பகி (தலவாக்கலை)

அண்ணன்மாரே, அக்காமாரே,

கையில் இருப்பது 1/10 பகி, அதாவது நிசக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவான ரிமோட் கன்ட்ரோல் வண்டி. நாலு வீலும் இழுக்கிற ஷாஃப்ட் டிரைவ். கைமாறி வந்த வண்டி, கையேடும் இல்லை, பெட்டியும் இல்லை. பழைய 540 பிரஷ் மோட்டரைக் கழட்டிட்டு 3650 சைஸ், 3300 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிசத்தில் 3300 சுத்து), சென்சர் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டரும் 60 அம்பியர் ஈஎஸ்சியும் (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி) போட்டிருக்கேன். பெட்டரி 2எஸ் லைப்போ (இரண்டு செல், 7.4 வோல்ட்). ஸ்லிப்பர் கிளட்ச் (அடி விழுந்தா வழுக்கிக் கொடுக்கிற பாகம்) கிடையாது, ஸ்பர் கியர் (பினியன் சுத்துற பெரிய பல்லுச் சக்கரம்) நேரா நடு ஷாஃப்ட்டில் உட்காருது.

பழைய பினியன் (மோட்டர் ஷாஃப்ட்டில் ஏறுற சின்னப் பல்லுச் சக்கரம்) 17 பல்லு, பித்தளை, தேஞ்சிருந்தது. அதுக்குப் பதிலா 20 பல்லு ஸ்டீல் பினியன் வாங்கினேன். பக்கெட்டில் 48 என்று போட்டிருந்தது. ஷாஃப்ட்டில் சரியா ஏறிச்சு, மோட்டரைக்கூட பெரிசா நகர்த்த வேண்டி வரலை, கையால் சுத்தினா சுத்துது. ஃபெக்டரிக்குக் கீழே இருக்கிற கப்பி ரோட்டில் ஏத்தினேன். பத்து நிமிசம் ஓடிச்சு, பிறகு கிர்ரென்று ஒரு சத்தம். மோட்டர் மட்டும் சுத்துது, வண்டி நகரலை. மூடியைத் திறந்தால் ஸ்பர் பல்லு சுத்திவர வழிச்செடுத்த மாதிரி இருக்கு, உள்ளே எல்லாம் வெள்ளைத் தூள்.

இன்னும் மூணு பிரச்சினை: மோட்டரைத் தொட ஏலாத சூடு. ஏத்தத்தில் பின் டிஃப் (இரண்டு வீலுக்கும் சுழற்சியைப் பிரிச்சுக் கொடுக்கிற கியர்) டக் டக் என்று அடிக்குது. வலது பின் டொக்போன் (டிஃப்பில் இருந்து வீலுக்குப் போற கம்பி) இரண்டு தடவை கழண்டு விழுந்திருச்சு.

திரும்பவும் வாங்கிற சாமான் வீணாகக்கூடாது. என்னத்தை அளக்கணும், எதை வாங்கணும்?

ஸ்பேனர்13 (ஹட்டன்)

தம்பி, 48 என்கிறது பல்லு எண்ணிக்கை இல்லை, பல்லோட சைஸ். 48 பிட்ச் என்று சொல்லுவாங்க, அது அங்குலக் கணக்கு. உங்க ஸ்பர் அநேகமா 0.6 மொடியூல், அது மில்லிமீற்றர் கணக்கு. இரண்டும் வேற வேற அளவு. கண்ணுக்கு ஒண்ணு போலத் தெரியும், கையால் சுத்தினா சுத்தவும் செய்யும், லோட் வந்ததும் தின்னுரும்.

0.6 மொடியூலில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் 1.88 மில்லிமீற்றர். 48 பிட்ச்சில் 1.66. ஒவ்வொரு பல்லுக்கும் 0.22 மில்லிமீற்றர் பிசகுது. ஒரு பல்லு பள்ளத்தில் ஒழுங்கா இறங்கும்போது பக்கத்துப் பல்லு அடுத்த பல்லோட தலையில் ஏறி நிக்கும். ஒரு பக்கம் ஸ்டீல், மறுபக்கம் நைலோன். எது தூளாகும் என்று கேக்கவே தேவையில்லை.

காசு செலவழிக்க முதல் ஸ்பரை அளந்து போடுங்க. பல்லை எண்ணுங்க, வெளி விட்டத்தை வேர்னியரில் பாருங்க. அடிமட்டம் சரிவராது.

கணக்குவாத்தி (பண்டாரவளை)

ஸ்பேனர் சொன்னது சரி. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

வெளி விட்டத்தை (மில்லிமீற்றரில்), பல்லு எண்ணிக்கையுடன் 2 கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் மொடியூல் வரும். 25.4ஐ மொடியூலால் வகுத்தால் பிட்ச். அவ்வளவுதான் சூத்திரம்.

இதை வைத்துப் பார்த்தால் 32 பிட்ச் 0.794 மொடியூல். 0.8க்கு மிக அருகில் இருப்பதால் பொழுதுபோக்கு வண்டிகளில் 32ஐயும் 0.8ஐயும் கலந்து ஓட்டுகிறார்கள், பிரச்சினை வருவதில்லை. 64 பிட்ச் 0.397, அது 0.4க்குப் பக்கம். ஆனால் 48 பிட்ச் 0.529. அது 0.5க்கும் ஒத்துவராது, 0.6க்கும் ஒத்துவராது. ஆட்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த மூன்றுக்கும் நடுவில்தான். 1/8 வண்டிகளில் 1 மொடியூல் என்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

ஸ்பர் பல்லு வழித்துப் போயிருந்தாலும் அளக்கலாம். ஸ்பரின் அகலம் பினியனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பினியன் தொடாத ஓரத்தில் மெல்லியதாக ஒரு வரிசை முழுப் பல்லு மிஞ்சியிருக்கும். அந்த ஓரத்தில் வேர்னியரைப் பிடியுங்கள். பழைய பித்தளைப் பினியனையும் அளந்து ஒப்பிடுங்கள். டிஃப்பைத் திறந்து ரிங் கியரிலும் அதைச் சுழற்றும் சின்னப் பெவல் பினியனிலும் எத்தனை பல்லு என்று எண்ணிப் போடுங்கள். டயர் விட்டமும் வேண்டும்.

தேயிலைமலை பகி

நன்றி சேர். அளந்தாச்சு. சேர் சொன்ன மாதிரியே ஓரத்தில் ஒரு மில்லிமீற்றர் அகலத்துக்குப் பல்லு மிச்சம் இருந்தது.

ஸ்பர் 64 பல்லு, வெளி விட்டம் 39.5. பழைய பினியன் 17 பல்லு, 11.3. புதுப் பினியன் 20 பல்லு, 11.6. ரிங் கியர் 38, பெவல் பினியன் 13, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே எண்ணிக்கை. டயர் 85. மோட்டர் ஷாஃப்ட் 3.17. மோட்டர் மவுண்ட்டில் நீளத் துளை இருக்கு, மோட்டரை முன்ன பின்ன நகர்த்தலாம்.

கணக்குவாத்தி

39.5ஐ 66ஆல் வகுத்தால் 0.598. பழைய பினியன் 11.3ஐ 19ஆல் வகுத்தால் 0.595. இரண்டும் 0.6 மொடியூல். நுனி தேய்ந்ததால்தான் அந்தச் சின்ன வித்தியாசம். புதியது 11.6ஐ 22ஆல் வகுத்தால் 0.527, அதாவது 48 பிட்ச்.

ஏன் "மோட்டரை நகர்த்தவே வேண்டி வரலை" என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 48 பிட்ச்சில் 20 பல்லு என்பது 0.6 மொடியூலில் 17 பல்லுக்குக் கிட்டத்தட்ட அதே பருமன். அதனால் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று பல்லு கூட்டியும் மோட்டர் நகரவில்லையென்றால் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். 0.6 மொடியூலில் பினியனில் ஒரு பல்லு கூடினால் மோட்டர் 0.3 மில்லிமீற்றர் விலக வேண்டும். மூன்று பல்லுக்கு 0.9. கண்ணாலேயே தெரியும் அளவு.

இனி விகிதம். உங்கள் வண்டியின் உள் விகிதம் 38 ÷ 13 = 2.92. ஸ்பரைப் பினியனால் வகுத்து இதால் பெருக்கினால் இறுதி விகிதம் வரும். மோட்டர் எத்தனை தடவை சுற்றினால் வீல் ஒரு தடவை சுற்றும் என்பது அது.

20 பல்லு: 9.35
17 பல்லு: 11.0
15 பல்லு: 12.5
13 பல்லு: 14.4

3300 கேவியை 7.4 வோல்ட்டால் பெருக்கினால் நிமிடத்துக்கு 24,420 சுற்று. 85 மில்லிமீற்றர் டயர் ஒரு சுற்றில் 267 மில்லிமீற்றர் போகும். எனவே 20 பல்லில் மணிக்கு ஏறக்குறைய 42 கிலோமீற்றர், 17இல் 36, 15இல் 31, 13இல் 27. இவை சுமை இல்லாத கணக்கு. ரோட்டில் இதைவிடக் குறையும்.

15 வாங்குங்கள். 16 வேண்டாம். 64ஐ 16 மிச்சமில்லாமல் வகுப்பதால் பினியனின் ஒரு பல்லு எப்போதும் ஸ்பரின் அதே நான்கு பல்லுகளையே சந்திக்கும். பினியனில் ஒரு பல்லு அடிபட்டிருந்தால் அந்த நான்கும் சீக்கிரம் போகும். 15க்கும் 64க்கும் பொதுக் காரணி இல்லை, தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பரவும்.

பிரபலமான ஒரு வண்டியை வைத்துக் கணக்கைச் சரிபார்க்க விரும்பினால் டாமியா டிடி-02பியை எடுக்கலாம். ஸ்பர் 70, பினியன் 17, உள் விகிதம் 2.6, இறுதி விகிதம் 10.71. அதுவும் 0.6 மொடியூல்தான். பிரஷ் மோட்டரோடு வரும் பகிக்கே அந்த அளவு. நீங்கள் போட்டிருந்தது 9.35.

ராகலை அக்கா

கணக்கு சரி சேர். ஆனா தம்பியோட மோட்டர் சூட்டுக்கு விகிதத்தை மட்டும் குறை சொல்ல ஏலாது. சமதரையில், வெட்டின புல்லில், 3300 கேவிக்கு 9.35 பெரிய தப்பு இல்லை. இங்கே இரண்டு விசயம் சேர்ந்திருக்கு.

முதலாவது, சென்சர் இல்லாத மோட்டர். நிக்கிற நிலையில் ரோட்டர் எந்தப் பக்கம் பார்த்து நிக்குது என்று ஈஎஸ்சிக்குத் தெரியாது, தடவித் தடவித்தான் கிளப்பும். சமதரையில் அது தெரியாது. ஏத்தத்தில் நிப்பாட்டி எடுக்கும்போது மோட்டர் முன்னும் பின்னுமா வெட்டி வெட்டி உதறும். ஒவ்வொரு உதறலும் சுத்தியலால் அடிக்கிற மாதிரி ஸ்பர் பல்லில் விழும், கரண்டும் அப்பத்தான் உச்சிக்குப் போகும். சூடு, பல்லு உடையிறது, டிஃப் சத்தம் மூணுக்கும் இது பொதுக் காரணம். பினியன் சின்னதானால் மோட்டர் லேசாக் கிளம்பும், உதறல் குறையும். ஈஎஸ்சி செட்டிங்கில் ஸ்டார்ட் வேகத்தையும் பன்ச்சையும் (முடுக்கும்போது எவ்வளவு பலமா இழுக்கிறது என்பது) ஆகக் குறைஞ்ச படிக்கு இறக்குங்க. ஏத்தத்தின் நடுவில் நிப்பாட்டி எடுக்கிற பழக்கத்தை விடுங்க, கீழே இருந்தே உருட்டிக்கிட்டு வாங்க. சென்சர் உள்ள மோட்டரும் ஈஎஸ்சியும் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை, ஆனா விலை வேற.

இரண்டாவது, தரை. 1.7 கிலோ வண்டி நூற்றுக்கு 20 சாய்வில் மணிக்கு 20 கிலோமீற்றரில் ஏறுறதுக்கு, ஏத்தத்துக்கென்று மட்டும் 18 வோட் அளவுதான் வேணும். அது ஒண்ணும் பெரிசில்லை. கரண்டைத் தின்கிறது மானாப்புல்லும் சேறும். புல்லு டொக்போன் கப்பில் (டொக்போன் முனை உட்காருற குழி) சுத்திக்கிட்டா வண்டி பிரேக் பிடிச்ச மாதிரிதான் ஓடும். ஓட்டி முடிச்சதும் நாலு கப்பையும் பாருங்க, நூல் உருண்டை மாதிரி சுத்தியிருக்கும்.

சூட்டை அளக்க ஐஆர் தேர்மோமீட்டர் வேணும். கொரோனா காலத்தில் நெத்தியில் பிடிச்ச சாமான் வேண்டாம், அது 43 பாகைக்கு மேலே ஒண்ணும் காட்டாது. தொழிற்சாலைகளில் பாவிக்கிறது எடுங்க. மோட்டர் உடம்பு 75 பாகைக்குள்ளே நிக்கணும். 80 தாண்டினா சாதாரண நியோடைமியம் காந்தம் பலம் இழக்கத் தொடங்கும், பிறகு ஆறினாலும் பழைய பலம் வராது. கருவி இல்லையென்றால் விரலை வைங்க. மூணு செக்கன் வைக்க ஏலாட்டி 60க்கு மேலே. எச்சில் தொட்டு வைச்சா சொய் என்றால் 100. அப்பவே காலம் கடந்திருச்சு.

நம்ம குளிரை நம்பாதீங்க. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே காத்து அடர்த்தி கடல் மட்டத்தைவிட நூற்றுக்கு 17 வீதம் குறைவு. காத்து குளிர்ந்திருந்தாலும் மெலிஞ்சிருக்கு, மோட்டர் விசிறி தள்ளுறதும் மெலிஞ்ச காத்தைத்தான்.

ஊவாக்காரன் (பதுளை)

என்னத்துக்கு இவ்வளவு கணக்கு? ஸ்டீல் ஸ்பர் 0.6 மொடியூல் 64 பல்லு ஒன்லைனில் கிடைக்குது. ஒருக்கா போட்டா வாழ்க்கைக்கும் போதும்.

ஸ்பேனர்13

வாழ்க்கைக்கும் போதும், ஸ்பருக்கு. டிஃப்புக்கு?

மச்சான், இந்த வண்டியில் ஸ்லிப்பர் இல்லை. மோட்டருக்கும் டயருக்கும் நடுவில் அடியைத் தாங்கிற ஒரே இடம் பிளாஸ்டிக் ஸ்பர்தான். அதை ஸ்டீலாக்கினா அடி அப்படியே பெவல் பினியனுக்குப் போகும். தம்பியோட டிஃப் இப்பவே டக் டக் என்று அடிக்குது. ஸ்பர் போனா நாலு ஸ்குரூ கழட்டி இருபது நிமிசத்தில் மாத்தலாம். பெவல் போனா பின் பக்கம் முழுக்கப் பிரிக்கணும், ரிங் கியரும் பினியனும் சோடியா வாங்கணும்.

1/8இல் ஸ்டீல் ஸ்பர் சகஜம், உண்மைதான். அங்கே 1 மொடியூல், டிஃப் கியர் முழுக்க ஸ்டீல், பெயரிங் 8×16×5. எல்லாம் அந்த அடிக்கு ஏத்த மாதிரி செஞ்சது. அதைக் கொண்டுவந்து 1/10இல் ஒட்ட ஏலாது.

பினியன் மட்டும் ஸ்டீலா இருக்கட்டும். பித்தளை, அலுமினியம் இரண்டும் நம்ம கப்பி ரோட்டு மணலுக்குத் தாங்காது. மணல் நைலோனில் குத்தி ஒட்டிக்கிட்டு அரம் மாதிரி பினியனைத் தேய்க்கும். பினியன் பல்லு கவ்வாத்துக் கத்தி நுனி மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சிருந்தா தூக்கிப் போடுங்க. தேஞ்ச பினியனோட புது ஸ்பர் போட்டா புது ஸ்பரும் போகும்.

ஊவாக்காரன்

சரி, டிஃப் விசயம் ஒத்துக்கிறேன். ஆனா வெள்ளை நைலோனைவிடக் கறுப்பு, கிளாஸ் ஃபைபர் கலந்த ஸ்பர் கிடைச்சா அதை எடுக்கச் சொல்லுங்க. சூட்டில் வளையிறது குறைவு. மோட்டர் சூடு பினியன் வழியா ஸ்பருக்கு வருது என்பதை எல்லாரும் மறந்திடுறாங்க.

ஸ்பேனர்13

அது நல்ல பேச்சு.

தம்பி, சாமான் வந்ததும் மாட்டுற முறையைச் சொல்றேன். சரியான கியரை வாங்கிட்டு இதில் கோட்டை விடுற ஆள்தான் கூட.

பினியனில் இருக்கிற தலையில்லாத ஸ்குரூ (கிரப் ஸ்குரூ) எம்3, அதுக்கு 1.5 அலன் கீ. மலிவு கீயோட முனை உருண்டை ஆயிருக்கும், அதைப் போட்டுத் திருகினா ஸ்குரூவோட குழியும் உருண்டையாகும், பிறகு லேத்துக்குத்தான் போகணும். இதுக்கு மட்டும் நல்ல கீ ஒண்ணு எடுங்க. மோட்டர் ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் தட்டையா வெட்டியிருக்கும். ஸ்குரூ அந்தத் தட்டையில் நேரா உட்காரணும், உருண்டைப் பக்கத்தில் உட்கார்ந்தா இரண்டு ஓட்டத்தில் வழுக்கும்.

ஸ்குரூ மரையை ஸ்பிரிட்டில் கழுவிக் காயவிட்டு நீல நிற திரெட்லொக் ஒரு துளி. சிவப்பு வேண்டாம், சூடாக்காமல் கழட்ட ஏலாது. திரெட்லொக் பிளாஸ்டிக்கில் படவே கூடாது, சில பிளாஸ்டிக் அதில் வெடிச்சுப் போகும்.

மோட்டரைப் பிடிக்கிற இரண்டு எம்3 ஸ்குரூவோட நீளத்தையும் பாருங்க. மோட்டர் முகத்துத் துளையில் பல்லுக்குச்சியை விட்டு ஆழம் பார்த்து, அதோட மவுண்ட் தகட்டுக் கனத்தைக் கூட்டி, ஒரு மில்லிமீற்றர் குறைச்சு ஸ்குரூ எடுங்க. நீளம் கூடினா உள்ளே கம்பிச் சுருளைக் குத்தும், மோட்டர் அன்றைக்கே செத்துரும்.

இனி இடைவெளி. பள்ளிக்கூடக் கொப்பித் தாள் ஒண்ணு, விரல் அகலத்துக்கு வெட்டுங்க. பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் தாளை விட்டு, மோட்டரை ஸ்பர் பக்கம் அமத்திப் பிடிச்சு, இரண்டு ஸ்குரூவையும் மாறி மாறி இறுக்குங்க. பிறகு ஸ்பரைச் சுத்தித் தாளை வெளியே எடுங்க. தாள் விசிறி மடிப்பு மாதிரி மடிஞ்சு வரணும், கிழியக்கூடாது. கிழிஞ்சா இறுக்கம். மடிப்பே விழலைன்னா தொளதொளப்பு.

அதோட நிப்பாட்டாதீங்க. ஸ்பர் நூற்றுக்கு நூறு வட்டமா இருக்காது. கால் சுத்து, அரைச் சுத்து, முக்கால் சுத்து என்று நாலு இடத்தில் பினியனைப் பிடிச்சுக்கிட்டு ஸ்பரை ஆட்டிப் பாருங்க. ஒவ்வொரு இடத்திலும் டிக் என்று மெல்லிய ஆட்டம் கைக்குத் தெரியணும். ஆக இறுக்கமான இடத்தை வைச்சுத்தான் இடைவெளியை முடிவு பண்ணணும், ஆகத் தொளதொளப்பான இடத்தை வைச்சு இல்லை.

இறுக்கமா இருந்தா மோட்டர் அலறும், சூடாகும், மோட்டர் பெயரிங் போகும். தொளதொளப்பா இருந்தா பல்லு நுனி மட்டும் பிடிக்கும், உடையும். இரண்டில் ஒண்ணுதான் என்றால் மயிரிழை தொளதொளப்பு பரவாயில்லை.

ஸ்பருக்கும் பினியனுக்கும் கிரீஸ் பூசாதீங்க. தூசியை இழுத்து ஒட்ட வைக்கும். காய்ஞ்சபடி ஓடட்டும், மூடியை மட்டும் ஒழுங்கா மூடுங்க.

ராகலை அக்கா

டிஃப் டக் டக் விசயத்துக்கு வாறேன்.

பெவல் பினியன் ரிங் கியரைத் தள்ளும்போது ரிங் கியர் பக்கவாட்டில் விலகப் பார்க்கும். இடைவெளி இருந்தால் விலகிப் பல்லு தாவும், அந்தச் சத்தம்தான் கேக்குது. காரணம் இரண்டில் ஒண்ணு: ஷிம் போதாது, அல்லது டிஃப் பெயரிங் தேஞ்சிருச்சு. முதல் பெயரிங்கைப் பாருங்க. உள் வளையத்தை விரலில் மாட்டி ஆட்டினா பக்கவாட்டில் ஆடுதா, சுத்தினா கரகரக்குதா? அப்படியென்றால் ஷிம் போட்டு மினக்கெட வேண்டாம், பெயரிங்கை மாத்துங்க.

பிறகு ஷிம். 0.1, 0.2 மில்லிமீற்றர் கனத்தில் வளையத் தகடு பக்கெட்டா வரும். டிஃப்பை வீட்டில் வைச்சு, பினியனில் இருந்து ரிங் கியரைத் தள்ளிவிடுற பக்கத்தில் எத்தனை தகடு இருக்கு என்று பாருங்க. அதில் 0.1 ஒண்ணை எடுத்து மறுபக்கம் போட்டா, அதாவது ரிங் கியரோட முதுகுப் பக்கம், அது பினியனை நெருங்கும். மூடியை முழுசா இறுக்கின பிறகுதான் சோதிக்கணும். பாதி இறுக்கிப் பார்த்தா பொய் சொல்லும். கையால் சுத்தும்போது ஒரு முழுச் சுத்துக்கும் ஒரே சீரா ஓடணும், எங்கேயாவது மணல் மாதிரி கரகரத்தா ஒரு தகடு கூடிருச்சு.

உள்ளே சின்னப் பெவல் கியரில் பல்லு உடைஞ்சிருந்தா எல்லாத்தையும் சேர்த்து மாத்துங்க. உடைஞ்ச துண்டு உள்ளே கிடந்தா புதுசையும் உடைக்கும். டிஃப் சிலிக்கன் எண்ணெய் ஊத்துற வகையென்றால் முன்னுக்கு 5000, பின்னுக்கு 3000 என்று (எண் கூடினா எண்ணெய் தடிப்பு கூட) தொடங்குங்க. நம்ம ஏத்தத்தில் ஒரு பின் வீல் தூக்கிக்கிட்டுச் சும்மா சுத்துதென்றால் பின்னுக்கும் 5000 ஊத்தலாம். முழுக்க நிரப்பாதீங்க, குறுக்குக் கம்பி மூடுற அளவு போதும். சூட்டில் விரியும், சீல் பிதுங்கும்.

டொக்போன் கழண்டு விழுறதுக்கு நீளம்தான் காரணம். ஷொக்கைக் கழட்டிட்டு அந்தப் பக்க ஆர்மை (வீலைத் தாங்கிற கை) முழுசாத் தொங்கவிடுங்க. டொக்போன் முனையில் இருக்கிற ஊசி கப்புக்குள்ளே குறைஞ்சது 2 மில்லிமீற்றர் உள்ளே நிக்கணும். பிறகு ஆர்மைக் கிடையா உயர்த்துங்க, அப்பத்தான் கப்புக்குக் கப்பு தூரம் ஆகக் குறையும். அந்த இடத்தில் டொக்போன் முன்ன பின்ன அரை மில்லிமீற்றராவது அசையணும், அசையாட்டி பெயரிங்கைத் தள்ளிக் கெடுக்கும். தொங்கும்போது மட்டும் கொஞ்சம் குறையுதென்றால் புதுசு வாங்கத் தேவையில்லை. டிஃப் பக்கக் கப்புக்குள்ளே சின்ன ஓ-ரிங் ஒண்ணு போட்டா டொக்போன் வெளிப்பக்கம் தள்ளி நிக்கும். ஷொக் கம்பியில் உள்ளே ஒரு வளையம் போட்டுத் தொங்கிற தூரத்தையும் குறைக்கலாம்.

வாங்கத்தான் வேணுமென்றால் மொத்த நீளம், ஊசிக்கு ஊசி நீளம், ஊசிக் கனம், உருண்டை விட்டம் நாலையும் எழுதுங்க. கடைக்காரர் "1/10க்குப் பொருந்தும்" என்று போடுறதை நம்பி வாங்கினா பெட்டியில்தான் கிடக்கும்.

தேயிலைமலை பகி

அக்கா, சேர், அண்ணே, எல்லாருக்கும் நன்றி. வலது பின் பக்கம் ஆர்மைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், ஊசி அரை மில்லிமீற்றர்தான் உள்ளே நிக்குது. இடது பக்கம் சரியா இருக்கு. வலதில் வேற நீளம் போட்டிருக்காங்க போல. டிஃப் பெயரிங் கரகரக்குது, அதில் ஒண்ணு துருப்பிடிச்சிருக்கு.

இன்னொரு கேள்வி. 0.6 மொடியூலில் 64 பல்லு ஸ்பர், என் வண்டியோட நடுத் துளைக்குப் பொருந்துறது தேடினேன், கிடைக்கலை. 48 பிட்ச் ஸ்பர் நிறைய இருக்கு, ஒண்ணு நடுத் துளையும் ஸ்குரூத் துளைகளும் அச்சா ஒத்துவருது. 20 பல்லு 48 பினியனும் கையில் இருக்கு. ஸ்பரையும் 48 ஆக்கிட்டா ஆகாதா?

கணக்குவாத்தி

ஆகும். இரண்டும் ஒரே பிட்ச்சாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி, 0.6ஆகவே இருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் பல்லு எண்ணிக்கையை மாற்ற வேண்டும்.

இப்போதுள்ள ஸ்பரின் பல்லு வட்ட விட்டம் 64 × 0.6 = 38.4. அதே பருமன் 48 பிட்ச்சில் 72 பல்லு: 38.1. இதற்கு 17 பல்லு பினியன் போட்டால் 72 ÷ 17 × 2.92 = 12.4. நாம் முன்பு தேர்ந்த 12.5க்கு மிகப் பக்கம். மோட்டர் ஷாஃப்ட்டுக்கும் ஸ்பர் ஷாஃப்ட்டுக்கும் இடையே தூரம் 23.55 மில்லிமீற்றர். 0.6இல் 64க்கும் 15க்கும் அது 23.7. வித்தியாசம் 0.15தான், உங்கள் நீளத் துளைக்குள் அடங்கும். 72க்கும் 17க்கும் பொதுக் காரணியும் இல்லை.

கையில் இருக்கும் 20 பல்லை இந்த 72உடன் போட்டால் 10.5. ஏற்றத்துக்கு அது கூடுதல். சமதரையில் ஓட்டும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழுதான ஸ்பரோடு ஓடிய பினியன் என்பதால் பல்லு நுனிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகே.

ஒரு நட்டம் இருக்கிறது. 48 பிட்ச்சில் பல்லு வட்டத்தில் பல்லின் தடிப்பு 0.83 மில்லிமீற்றர், 0.6 மொடியூலில் 0.94. கொஞ்சம் மெலிந்த பல்லு. அதனால் ஸ்பேனர் சொன்ன தாள் சோதனையை ஒவ்வொரு மூன்று நான்கு ஓட்டத்துக்கும் ஒருமுறை திருப்பிச் செய்யுங்கள். பிரஷ்லெஸ் உதறலில் மோட்டர் ஸ்குரூ மெல்ல இளகும்.

ஸ்பேனர்13

ஸ்பர் வாங்க முதல் அகலத்தையும் பாருங்க தம்பி. பழையதைவிட அகலம் கூடினா மூடியில் உரசும். பினியன் ஸ்பரோட முழு அகலத்திலும் உட்காரணும், பாதி வெளியே நிக்கக்கூடாது. பினியனோட காலர் எந்தப் பக்கம் வருது என்று பார்த்துத் திருப்பிப் போட்டா சரியாகும்.

பெயரிங்குக்கு வண்டி பெயர் தேட வேண்டாம். உள் விட்டம், வெளி விட்டம், அகலம் அளந்தா போதும். 5×10×4 என்றால் எம்ஆர்105, 5×11×4 என்றால் எம்ஆர்115, 10×15×4 என்றால் 6700. கொழும்பு போற ஆள் இருந்தா நம்பரை எழுதிக் கொடுத்துப் பஞ்சிகாவத்தைப் பக்கம் கேக்கச் சொல்லுங்க. இரும்பு மூடி வேண்டாம், ரப்பர் சீல் போட்டதா கேளுங்க. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மே மாசத்தில் இருந்து மழைதான், இரும்பு மூடிக்குள்ளே தண்ணி போனா உங்க டிஃப்பில் பார்த்த துருதான் திரும்ப வரும்.

ராகலை அக்கா

மழையில் ஓட்டின அன்றைக்குச் சேத்தைக் கழுவிட்டுத் துணியால் துடைச்சு, அடுப்படிச் சூட்டில் இல்லாமல் காத்தில் காயவிடுங்க. ஒவ்வொரு பெயரிங்குக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. டபிள்யூடி-40 அடிக்கிறது தண்ணியை விரட்டத்தான். அதோட விட்டா உள்ளே இருக்கிற கிரீஸையும் கழுவிக்கிட்டுப் போயிரும், எண்ணெய் கட்டாயம் விடணும்.

முதல் ஓட்டத்துக்கு அந்த ஃபெக்டரி ஏத்தத்துக்குப் போகாதீங்க. மட்டமான இடத்தில் அஞ்சு நிமிசம் ஓட்டி மோட்டரைத் தொட்டுப் பாருங்க, மூடியைத் திறந்து தூள் விழுந்திருக்கா பாருங்க. புது ஸ்பரில் முதல் தடவை லேசா மாவு மாதிரி வரும், அது சரி. நார் நாராகவோ துண்டாகவோ வந்தா இடைவெளி பிழை, உடனே நிப்பாட்டுங்க.

தேயிலைமலை பகி

எழுதி வைச்சுட்டேன்: 48 பிட்ச் 72 ஸ்பர் இரண்டு, 17 ஸ்டீல் பினியன் 3.17 துளை ஒண்ணு, எம்3 கிரப் ஸ்குரூ, 1.5 அலன் கீ, ரப்பர் சீல் பெயரிங் நாலு, 0.1 ஷிம் பக்கெட் ஒண்ணு, வலது டொக்போன் இடதோட அளவில். ஏதாவது விட்டுப் போச்சா?

ஸ்பேனர்13

நீல திரெட்லொக். பினியன் இரண்டு எடுங்க, 17ம் 16ம். 72க்கு 16 போட்டா 13.2. மோட்டர் 17இலும் 75ஐத் தாண்டினா அதைப் போடலாம், தபால் வரும்வரை இன்னொரு மாசம் காத்திருக்கத் தேவையில்லை.

கணக்குவாத்தி

16க்கு 72இல் பொதுக் காரணி 8 இருக்கிறது ஸ்பேனர்.

ஸ்பேனர்13

தெரியும் சேர். பெட்டியில் சும்மா இருக்கிற பினியனுக்குப் பொதுக் காரணி ஒண்ணும் பண்ணாது.